பொறாமையில்லாச் சான்றிதழ்

மேழிநாடு எந்தத் திசையில் இருக்கிறது என்று யாரும் கேட்க வேண்டாம். இங்கே இல்லை என்பது மட்டும் உறுதி. இங்கே அப்படியெல்லாம் நடக்குமா?

பசித்தவனை என்ன செய்வது என்பதைப் பற்றி அந்த நாட்டார் நிறைய யோசித்திருந்தார்கள். ஆதியில் அரசர் பிறந்தநாளன்று யானைமேல் ஏறி வந்து இரண்டு கையாலும் அரிசியை வீசுவார். ஓடத் தெரிந்தவன் சாப்பிட்டான். அடுத்து வந்தவர்கள், சும்மா கொடுத்தால் சோம்பேறி ஆவான் என்று கண்டுபிடித்தார்கள். காலையில் கிழக்கே இருக்கும் கல்லை மேற்கே சுமக்க வேண்டும், மாலையில் அதே கல்லைக் கிழக்கே கொண்டுவர வேண்டும், பிறகு கஞ்சி. மூன்றாவதாக, விளைந்த காலத்தில் வீட்டுக்கு ஒரு குத்து அரிசியைப் பொதுக்குதிரில் போட்டு, விளையாத காலத்தில் எடுத்துக்கொள்ளும் வழக்கம் வந்தது. போட அரிசி இல்லாதவனும் நிலம் இல்லாதவனும் என்ன செய்வது என்பதை அந்தக் காலத்தவர் அடுத்த தலைமுறைக்கு விட்டுவைத்தார்கள்.

அடுத்த தலைமுறையில், குடிகளின் நலம் பார்க்கும் நலநாயகமாகச் செங்கோடர் வந்தார். அவர் போட்ட சட்டம் ஒரே வரி: பசி என்று வந்தவனுக்குக் கேள்வி கேட்காமல் ஒரு படி அரிசி, கோபுரமாகக் குவித்து. தெருவுக்குத் தெரு படிக்கூடம் எழுந்தது. அரிசி வாங்கி மடியில் கட்டும்போது, "செங்கோடரு புண்ணியம்" என்று சொல்வது நாட்டு வழக்கமாயிற்று.

இந்த வரலாற்றையெல்லாம் எழுதிவைத்தவர் மறைக்காடர். செங்கோடர் காலமானபின் அரசவையின் நலநாயகமாக அமர்ந்தவர் அவர்தான். அவருடைய 'மேழிநாட்டு நலக்கருத்து வரலாறு' பதினெட்டுக் கட்டு ஓலை. அதில் செங்கோடருக்கு நியாயமாக ஓர் ஏடு ஒதுக்கியிருந்தார். ஏட்டுச்சாலையில் ஒருநாள் அந்தக் கட்டுகளை எடுத்துப் பார்த்தபோது, பதினேழு கட்டுகள் கட்டின நூல் அவிழாமல் இருந்தன. பதினெட்டாவதில் அந்த ஓர் ஏடு மட்டும் கைபட்டுக் கைபட்டுக் கறுத்துக் கிடந்தது. அன்றைக்கு அவருக்கு வயிற்றில் மூண்ட தீயை எந்த வைத்தியனாலும் அணைக்க முடியவில்லை.

செத்த மனிதர்மேல் பொறாமைப்படுவதில் ஒரு கஷ்டம் உண்டு. உயிரோடு இருப்பவன் என்றைக்காவது ஒரு தப்புச் செய்வான், நமக்கும் மனசு ஆறும். செத்தவன் அந்த உபகாரத்தைச் செய்வதில்லை.

மறைக்காடர் ஒருநாள் தறிக்காரத் தெருப் படிக்கூடத்தைப் பார்வையிடப் போனார். சிலம்பாயி என்ற நெசவுக்காரி அரிசி வாங்கிக்கொண்டிருந்தாள். பானைமூடி உருண்டதுபோலக் கலகலவென்று சிரிக்கிறவள். மடியைக் கட்டிக்கொண்டே, "செங்கோடரு புண்ணியம்" என்றாள்.

"செங்கோடர் போய்ப் பதினாறு வருஷம் ஆச்சும்மா," என்றார் மறைக்காடர் பெருந்தன்மையோடு. "இப்ப இதுக்கெல்லாம் பொறுப்பு நான்."

"அப்படிங்களா சாமி! நல்லா இருங்க. மனசு வெச்சா நீங்களும் செங்கோடரு மாதிரி வந்துருவீங்க."

அவள் வாழ்த்தினாள் என்றுதான் கூட இருந்த சேவகர்கள் நினைத்தார்கள். மறைக்காடர் வீடு வந்து சேர்ந்ததும் முதல் ஆணையை எழுதினார்: இனிமேல் படியைக் கோபுரமாக அளக்கக் கூடாது, தலைதட்டித்தான் அளக்க வேண்டும். மறுநாள் சனங்கள் தட்டிய படியைப் பார்த்துவிட்டு, "செங்கோடரு காலத்துல குவிச்சுப் போடுவாங்க" என்றார்கள். அதாவது, அதுவரை ஒரு நாளைக்கு ஒருதரம் சொன்ன பேரை இப்போது இரண்டுதரம் சொன்னார்கள்.

இந்தச் சமயத்தில் அரசர் முடிகொண்டார் சபையைக் கூட்டினார். "நமது நாட்டில் பசி என்று சொல்பவர்கள் மிகுந்துவிட்டார்கள். இவர்களில் மெய்யான ஏழை யார், பொய்யான ஏழை யார் என்று பிரித்தறிய ஒரு கருவி வேண்டும். நலநாயகரே, உமக்கு முன்னிருந்தவர் கேள்வியே கேட்கக்கூடாது என்றார். நீர் ஒரு நல்ல கேள்வியாவது கண்டுபிடிக்கக் கூடாதா?"

மறைக்காடருக்குப் புல்லரித்தது. ஒரே ஒரு கேள்வி. செங்கோடர் கேட்காமல் விட்ட கேள்வி. மூன்று நாள் அறையைச் சாத்திக்கொண்டு யோசித்தார். ஏழையைக் கேட்டால் பொய் சொல்வான். அதிகாரியைக் கேட்டால் அழகாகப் பொய் சொல்வான். பொய்யே சொல்லத் தெரியாத சாட்சி ஏதாவது உண்டா? நெஞ்சில் கைவைத்துத் தேடினார். அங்கே அது பதினாறு வருஷமாகக் கண்ணை இமைக்காமல் உட்கார்ந்திருந்தது.

"மகாராஜா! ஒருவனிடம் என்ன இருக்கிறது என்பது அவனுக்கே தெரியாது. பக்கத்து வீட்டுக்காரனுக்குத் தெரியும். ஆகையால் மனுக்கொடுத்தவனைப் படிக்கூடத்து மேடையில் நிறுத்துவோம். அவன் தெருவார் பன்னிரண்டு பேர் வரட்டும். இவனைக் கண்டு எனக்குப் பொறாமை என்பவர் ஓர் ஓலை நறுக்கைப் பானையில் போடட்டும். பானையில் ஓர் ஓலை விழுந்தாலும் அவனிடம் ஏதோ இருக்கிறது என்றுதானே பொருள்? வெறும் பானை வந்தால் அவனே மெய்யான ஏழை. அவனுக்குப் பொறாமையில்லாச் சான்றிதழ். அதைக் காட்டினால் அரிசி."

அரசர் தொடையைத் தட்டினார். பிறகு, "குடிமக்களே குடிமக்களை அளக்கிறார்கள். நாம் அளப்பதில்லை. இதுவல்லவோ மக்களாட்சி!" என்றார். சபை எழுந்து நின்று கைதட்டியது. மறைக்காடர் அந்தக் கைதட்டலில் செங்கோடர் பேர் இருக்கிறதா என்று உன்னிப்பாகக் கேட்டார். இல்லை.

முதல் வாரமே சிலம்பாயி மேடை ஏறினாள். பானையைக் கவிழ்த்தபோது ஓர் ஓலை விழுந்தது.

"யாருடி அது? எங்கிட்ட என்னடி கெடக்கு, ஓட்டைத் தறியைத் தவிர?" என்று சிலம்பாயி கத்தினாள்.

யார் என்று சொல்ல வேண்டியதில்லை என்பது சட்டம். ஆனாலும் அடுத்த வீட்டு இருளாயிக்கு மனசு தாங்கவில்லை. "நான்தான் போட்டேன். ஒம் புருசன் ஒன்னயப் பேரு சொல்லிக் கூப்பிடறான். எங்க வீட்டுல இருவது வருசமா 'ஏய்'தான்."

கூட்டத்திலிருந்த பெண்கள் யாரும் சிரிக்கவில்லை. எழுத்தர் பதிவு செய்துகொண்டார்: கணவன் பெயர் சொல்லி அழைக்கும் வசதி உடையவள், தகுதியில்லை.

மறுவாரம் இருளாயி மேடை ஏறினாள். சிலம்பாயி ஓலையைப் போட்டுவிட்டு ஊரறியச் சொன்னாள்: "அவ மாமியா செத்து மூணு வருசமாச்சு. எனக்கு இன்னும் உசுரோட இருக்கு." இதற்கு ஆமோதிப்பாக இன்னும் ஐந்து ஓலைகள் விழுந்தன. இரண்டு வீட்டிலும் அடுப்பு அணைந்தது.

சனங்கள் சீக்கிரமே பாடம் கற்றுக்கொண்டார்கள். பெண்கள் தலையில் பூ வைப்பதை விட்டார்கள். புருசன்மார் எல்லோரும் 'ஏய்' என்றே கூப்பிடப் பழகினார்கள். சிலம்பாயியின் ஒரு வயதுப் பிள்ளை முதன்முதலாக நாலடி நடந்தபோது, அவள் பதறிப்போய் அதை அமுக்கி உட்காரவைத்து, வாசல்படலைச் சாத்தினாள். அந்தப் பானைமூடிச் சிரிப்பைத் தறிக்காரத் தெரு அதற்குப்பின் கேட்கவில்லை.

மறைக்காடருக்குச் சேதி எட்டியது. மக்கள் வேண்டுமென்றே துக்கமாக இருந்து அரசை ஏமாற்றுகிறார்கள்! இரண்டாவது ஆணை பிறந்தது. மகிழ்ச்சியை மறைத்துவைப்பது குற்றம். வீடு வீடாகத் தணிக்கையாளர்கள் புகுந்து தேடினார்கள். ஒரு வீட்டில் உமிக்குள் முல்லைப்பூ அகப்பட்டது. இன்னொரு வீட்டில் வாயைத் தலையணையில் புதைத்துக்கொண்டு தாலாட்டுப் பாடிய தகப்பன் ஒருவன் அகப்பட்டான். தணிக்கையாளர்கள் அறிக்கை எழுதினார்கள்: நாட்டில் வளம் கணிசமாகப் பதுக்கப்பட்டுள்ளது.

பிறகு ஒரு தெருவில் பன்னிரண்டு பேரும் கூடிப் பேசி, ஓலையே போடுவதில்லை என்று கட்டுப்பாடு செய்துகொண்டார்கள். மூன்றாவது ஆணை அதற்காக வந்தது. எவர்மேலும் பொறாமைப்படாத குடிமகன் நாட்டு நலனில் அக்கறையற்றவன். ஆண்டுக்கு இரண்டு ஓலையாவது போடாதவன் பேர் குடிப்பட்டியலிலிருந்து நீக்கப்படும். அன்று முதல் பானைகள் நிரம்பி வழிந்தன. அறுவடைக்குள் சான்றிதழ் பெறத் தகுதியானவர் மேழிநாட்டில் ஒருவர்கூட மிஞ்சவில்லை.

"வறுமை ஒழிந்தது!" என்று முரசு அறைந்தார்கள். தோரணம் கட்டினார்கள். விழாவில் மறைக்காடர் அரசருக்கு இடப்பக்கம் அமர்ந்தார். இனி அவர் காத்திருந்தது ஒன்றே ஒன்றுக்குத்தான். விழா முடிந்து முக்காடு போட்டுக்கொண்டு கூட்டத்துக்குள் நடந்தார். வற்றிப்போன கிழவர் ஒருவர் இன்னொருவரிடம் ஏதோ சொல்லிக்கொண்டிருந்தார். மறைக்காடர் காதைத் தீட்டிக்கொண்டார்.

"செங்கோடரு இருந்திருந்தா..." என்றார் கிழவர். மேற்கொண்டு சொல்லத் தெம்பில்லை.

மறைக்காடர் வந்த வழியே திரும்பினார். பேர் தெரியாத பசிக்காரன்கூட அந்தப் பேரை வாயில் வைத்துக்கொண்டுதான் சாவானோ!

இதற்குள் அரண்மனையில் வேறொரு சிக்கல். களஞ்சியம் நிரம்பிவிட்டது. புது விளைச்சல் வருமுன் பழைய அரிசி முழுவதையும் தகுதியுள்ளோருக்குக் கொடுத்துத் தீர்க்க வேண்டும் என்பது சட்டம். கொடுக்க ஆளில்லை. சட்டநாயகர் ஏகவீரர் தொண்டையைச் செருமிக்கொண்டு எழுந்தார்.

"ஆள் இருக்கிறார். அரசரைக் கண்டு பொறாமைப்படுவது ராஜதுரோகம். தண்டனை தலை. ஆகவே சட்டத்தின் கண்ணுக்கு அரசர்மேல் பொறாமை கொண்டவர் நாட்டில் எவரும் இல்லை, இருக்கவும் முடியாது. எவர்மேல் எவருக்கும் பொறாமை இல்லையோ அவரே மெய்யான ஏழை என்று நலநாயகரே வகுத்திருக்கிறார்."

அரசர் முடிகொண்டார் மெல்ல எழுந்தார். மேலாடையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். "இத்தனை நாள் நமக்கே தெரியாமல் போயிற்றே," என்றார்.

முறைப்படி மேடை போட்டார்கள். அரசர் ஏறி நின்றார். பன்னிரண்டு அமைச்சர்கள் பானையைக் கடந்து போனார்கள். மறைக்காடரும் போனார். அவருக்கு அரசர்மேல் உண்மையிலேயே பொறாமை இல்லை. செத்தவர்மேல் வைத்த பொறாமை வேறு யாருக்கும் மிச்சம் வைக்காமல் அவரைத் தின்று தீர்த்திருந்தது. பானை வெறுமையாக வந்தது. அரசர் சான்றிதழைக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். களஞ்சியத்திலிருந்து அரண்மனைக் கிடங்குக்கு வண்டிகள் புறப்பட்டன.

மறுநாள் ஏகவீரர் இன்னொரு நுட்பத்தைக் கண்டார். வறுமை ஒழிந்துவிட்டது, மிச்சமிருக்கும் ஒரே ஏழையை அரசரே பார்த்துக்கொள்வார், ஆகவே நலநாயகம் என்ற பதவிக்கு இனி வேலையில்லை. பதவியோடு பதவிக்கான மாளிகையும் போயிற்று. மறைக்காடருக்குக் குடியிருக்கக் கிடைத்தது தறிக்காரத் தெருவில் ஓர் ஒட்டுத்திண்ணை அகலத்துக் குச்சுவீடு. பதினெட்டுக் கட்டு ஓலையை வைத்தால் ஆள் படுக்க இடமில்லை.

எட்டு நாள் பொறுத்தார். ஒன்பதாம் நாள் படிக்கூடத்தில் மனுக் கொடுத்தார்.

மேடையில் நின்று பானையையே பார்த்தார். பசியால் மட்டுமல்ல. அரிசி வேண்டுமென்றால் பானை வெறுமையாக வர வேண்டும். ஆனால் சட்டம் எழுதியவர் அல்லவா, நாட்டையே ஒரு கேள்வியால் ஆட்டிவைத்தவர் அல்லவா! ஓர் ஓலை விழட்டும். பட்டினி கிடந்தாலும் பரவாயில்லை, ஒரே ஓர் ஓலை. பன்னிரண்டு பேரும் ஒருவர்பின் ஒருவராகப் பானையைக் கடந்து போனார்கள். ஆண்டுக்கு இரண்டு ஓலை போட்டே தீரவேண்டியவர்கள். வருஷக் கடைசி வேறு. அவர் ஒவ்வொரு கையாகப் பார்த்துக்கொண்டே நின்றார்.

எழுத்தர் பானையைக் கவிழ்த்தார். தட்டினார். உள்ளே எட்டிப் பார்த்தார்.

"வெறும் பானை! நம்ம படிக்கூடத்துல இந்த வருஷம் மொத ஆளு. நீங்க கொடுத்துவெச்சவரு சாமி."

"உள்ளே ஒட்டிக்கொண்டிருக்கும். நன்றாகப் பாரும்," என்றார் மறைக்காடர்.

"ஒண்ணுமில்லீங்க."

மறைக்காடர் மேடையிலிருந்தே பன்னிரண்டு பேரையும் பார்த்தார். "ஒருத்தருக்குக்கூடவா இல்லை? நான் நலநாயகமா இருந்தவன். பதினெட்டுக் கட்டு எழுதினவன்!"

கடைசியில் சிலம்பாயிதான், இடுப்புப் பிள்ளையை இறக்காமல், சமாதானமாகச் சொன்னாள். "மனசாரப் பாத்தோம் சாமி. எனக்கும் ஒரு ஓலை பாக்கி இருந்துச்சு. உங்களப் பாத்துப் போட வரலியே, என்ன பண்றது?"

அவர் கேட்டிருக்கக் கூடாது. கேட்டார்.

"செங்கோடர் இங்கே நின்றிருந்தால்?"

"அவரா?" சிலம்பாயி யோசிக்கக்கூட இல்லை. "பானை நெறஞ்சிருக்குமே சாமி. செத்தும் அத்தன பேரு வாயில இருக்கறாரு. நானே ரெண்டு போட்டிருப்பேன். அவருக்கு ஒரு மணி அரிசி கெடைச்சிருக்காது."

எழுத்தர் சான்றிதழில் முத்திரை குத்திக் கொடுத்தார். படிக்கூடத்தில் இப்போது அரிசி வைப்பதில்லை என்பதால், மறைக்காடர் அதை வாங்கிக்கொண்டு களஞ்சியத்துக்கு நடந்தார். அங்கே வரிசையில் அவருக்கு முன்னால் ஒரே ஓர் ஏழைதான் இருந்தார். அவருக்கு அளந்து முடிக்க இன்னும் நாற்பது வண்டி பாக்கியிருந்தது.