ஆழ்ந்த ஆர்வமுள்ள மூன்று பேர்

கூட்டத்துக்கு வந்திருந்தவர்கள்: தண்ணீர் பம்பு மொத்த வியாபாரி ராஸ், அவருடைய இணைய விளம்பரங்களைக் கவனிக்கும் ஜாரட், ராஸிடம் சரக்கெடுத்துத் தத்தம் ஊரில் சொந்தக் கடை நடத்தும் மூவர்: டால்பி ஊர் நோலீன், வார்விக் ஊர் கெராட், ரோமா ஊர் வின்ஸ். ஆக ஐந்து பேர். நடுவில் ஒரு தட்டு லாமிங்டன் கேக். மூன்று கடைகளிலும் சேர்த்து இருப்பு நாற்பத்திரண்டு பம்பு. வாடிக்கையாளர் எவரும் வரவில்லை. கூட்டமே அவரைப் பற்றியது என்பதால் அழைக்கவும் இல்லை.

ஆஸ்திரேலியாவின் டூவும்பா நகரில் ராஸின் கிடங்கு மாடியில் ஜாரட் புதிய ஏற்பாட்டை அறிவித்தார். இணையத்தில் யார் பம்பு தேடினாலும் மூவரின் விளம்பரமும் முதலில் வரும். செலவு ராஸுடையது. மாதக் கடைசியில் எந்தக் கடையின் விளம்பரத்தை மிகக் குறைவானவர்கள் திறந்து பார்த்திருக்கிறார்களோ, அந்தக் கடைக்கு ஏஜென்சி ரத்து.

"பம்பு வித்த கணக்கு?" என்றாள் நோலீன். கடைக்குப் பின்னால்தான் அவள் வீடு. ஏஜென்சி போனால் இரண்டும் போகும்.

"அது பழைய அளவுகோல் நோலீன். இப்ப ஆர்வத்தைத்தான் அளக்கறோம்."

மறுநாள் விடியற்காலை அவள் தன் விளம்பரம் வருகிறதா என்று தேடினாள். வந்தது. சரியாகத் திறக்கிறதா என்று திறந்தாள். திறந்தது. மாலையிலும் திறக்கிறதா என்று சரிபார்ப்பது நியாயம்தானே. மூன்றாம் நாள் கெராடுக்குப் போன் செய்தாள்.

"நீ உன் விளம்பரத்த நீயே பாக்கறியா கெராட்?"

"சேச்சே. என் பொண்டாட்டிதான் பாக்குறா. அவ தூங்கினப்புறம் நான்."

அடுத்த கூட்டத்தில் ஜாரட் எழுந்து நின்றே பேசினார். "தேடுற இயந்திரம் ரொம்ப புத்திசாலி. ஆர்வமில்லாத ஆளுங்களுக்கு விளம்பரம் காட்டுறத அதுவே நிறுத்திடுச்சு. நம்ம உண்மையான வாடிக்கையாளர் யாருன்னு கண்டுபிடிச்சிடுச்சு. அம்பது வயசுக்கு மேல. விடியக்காலையிலயே பம்பு நெனப்பு. மொத்தம் மூணே பேர், ஆனா ஆழமான ஆர்வம். ஒருத்தர் டால்பி, ஒருத்தர் வார்விக், ஒருத்தர் ரோமா."

மூவரும் லாமிங்டனைப் பார்த்தார்கள்.

"ரோமாக்காரர் நல்ல மனுஷனா இருப்பார்னு தோணுது," என்றார் வின்ஸ்.

"இவ்வளவு ஆர்வம் இருந்தும் ஏன் வாங்கல?" என்று ராஸ் கவலைப்பட்டார்.

நோலீன் உண்மையைச் சொல்ல வாயைத் திறந்தாள். கடைக்குப் பின்னால் இருந்த வீடு ஞாபகம் வந்தது. "தள்ளுபடி குடுத்தா வாங்குவாங்க," என்றாள்.

"எவ்வளவு குடுக்கலாம்?" என்று கெராட் அக்கறையாகக் கேட்டான்.

பாதி விலை என்று முடிவாயிற்று. மீதிப் பாதியைக் கடைக்கு ராஸ் தருவார். அந்தப் பாதி விலை, ராஸ் கடைக்காரர்களுக்குப் போடும் மொத்த விலையையும்விடக் குறைவு. ஆகவே வியாபாரத்தில் பழுத்த மூவரும் ராஸிடம் சரக்கெடுப்பதை நிறுத்தினார்கள். நோலீன் வார்விக்கிலிருந்து வாங்கினாள். கெராட் ரோமாவிலிருந்து வாங்கினான். வின்ஸ் டால்பியிலிருந்து வாங்கினார். விற்பனை இதுவரை காணாத உயரம் தொட்டது. பம்புகள் நெடுஞ்சாலையில் ஊர் ஊராகப் போய்வந்தன.

ஒரு மத்தியானம் மாட்டுப்பண்ணைக்காரர் டெஸ்மண்ட் நோலீனின் கடைக்குள் நுழைந்தார்.

"கட தொறந்துதான் இருக்கா? போன்ல எவ்வளவு தேடினாலும் உன் பேரே வரல, மூடிட்டேன்னு நெனச்சேன். வார்விக் போனா, ரோமாலேருந்து வந்துகிட்டிருக்குன்னான். மாட்டுத் தொட்டி காஞ்சு கெடக்கு."

"எல்லாம் வித்தாச்சு டெஸ். வண்டிக்குக் காத்திருக்கு."

"அது என்ன?"

கண்ணாடிக்குள் அழகுக்கு வைத்திருந்த பம்பு. யாரும் கேட்டு எத்தனையோ நாளாகியிருந்தது. அவள் தூசி துடைத்து, முழு விலைக்குக் கொடுத்தாள். மனதுக்கு ஏனோ சந்தோஷமாக இருந்தது.

மாதக் கடைசிக் கூட்டத்தில் மூன்று கடைகளுக்கும் ஆளுக்கொரு கேடயம். யாருடைய ஏஜென்சியும் போகவில்லை. கைதட்டல் அடங்கியதும் ஜாரட் தொண்டையைச் செருமினார்.

"டால்பில மட்டும் ஒரு சின்ன முறைகேடு. ஒரு பம்பு போயிருக்கு, யார் வாங்கினதுன்னு இயந்திரத்துக்குத் தெரியல. எந்த விளம்பரத்தப் பாத்து வந்தார் அவர்?"

"பாக்கல. வண்டியோட்டிக்கிட்டு வந்தார்."

"திரும்பக் குடுத்தாரா?"

"இல்ல. மாடு தண்ணி குடிக்குது."

ராஸ் வருத்தத்தோடு அவளைப் பார்த்தார். கெராடும் வின்ஸும் நாற்காலியைச் சற்றே தள்ளிப் போட்டுக்கொண்டார்கள்.

"இனிமே நடக்காது," என்றாள் நோலீன்.

பிறகு இருப்பை எண்ணினார்கள். எல்லாம் பலமுறை விற்றுப்போயிருந்தன. மீதி நாற்பத்தொன்று.