மானம் போன சட்டை

"உங்க சட்டை ஃபெயில்" என்றாள் மனைவி, செருப்பைக்கூடக் கழற்றாமல்.

மூக்குக்கண்ணாடிக் கடைக்காரர் சாப்பாட்டுத் தட்டிலிருந்து நிமிர்ந்தார். "சட்டை என்ன பரீட்சையா எழுதிச்சு?"

"கிருமிப் பரீட்சை."

விஷயம் இதுதான். அவர் மனைவி பெரிய ஆஸ்பத்திரி ஒன்றின் கிருமி ஆய்வுக்கூடத்தில் டாக்டர். வார்டில் வேலை செய்கிறவர்களின் உடுப்பில் எவ்வளவு பாக்டீரியா ஒட்டிக்கொள்கிறது என்று ஆராய்ந்துகொண்டிருந்தாள். ஊழியர்களின் யூனிஃபார்மை எல்லாம் வாங்கி வைத்து, பஞ்சுக் குச்சியால் தடவி, கிருமியை வளர்த்துப் பார்ப்பாள். ஒப்பிட்டுப் பார்க்க, ஆஸ்பத்திரிக் காற்றே படாத சுத்தமான துணி ஒன்று வேண்டுமே? அதற்குத்தான் கணவரின் சட்டை. துவைத்துத் தேய்த்த சட்டையைக் காலையில் கொண்டுபோய் ஆய்வுக்கூட வாசல் அலமாரியில் வைப்பாள். மதியம் சோதனை.

"நர்ஸுங்க உடுப்பைவிட உங்க சட்டையிலதான் ஜாஸ்தி. அதுவும் ஐ.சி.யூ.வுல இருக்கற கிருமி! யூனிஃபார்மைச் சுத்தமா வச்சுக்கங்கன்னு நான் சொன்னா, முதல்ல வீட்டைப் பாருங்க டாக்டர்னு தலைமை நர்ஸ் சிரிக்கறாங்க. அடுத்த வாரம் பெரிய டாக்டர் முன்னாடி முடிவைச் சொல்லணும். என் மானமே போகுது."

"கடையை விட்டா வீடு, வீட்டை விட்டா கடை. ஐ.சி.யூ. எந்தத் திசையில இருக்குன்னுகூட எனக்குத் தெரியாதே!"

"கிருமிக்குத் தெரிஞ்சிருக்கே."

ரோஷம் வந்துவிட்டது அவருக்கு. அடுத்த சட்டையைத் தன் கையாலேயே துவைத்தார். சோப்புத்தூள் பாதி டப்பா காலி. நுரை குளியலறையைத் தாண்டிக் கூடத்துக்கு வந்து விசாரித்துவிட்டுப் போனது.

சட்டை ஃபெயில்.

சலவை மெஷின் மேல் சந்தேகம் விழுந்தது. பிரித்துப் போட்டார். பிரிக்கத் தெரிந்தவருக்குப் பூட்டத் தெரியவில்லை. குழாயை எதிலோ செருகித் திறந்துவிட, கீழ்வீட்டு அம்மாள் நனைந்த தலையோடு மாடியேறி வந்தாள்.

"மழையே இல்ல, எங்க வீட்டுக்குள்ள மட்டும் கொட்டுது. என்னங்க சங்கதி?"

"ஒரு சட்டையைச் சுத்தம் பண்றேங்க."

"அதுக்கு என் மெத்தை என்ன பாவம் பண்ணிச்சு?"

பிறகு அண்டாவில் போட்டு வேகவைத்தார். மகளின் சிவப்பு ரிப்பன் எப்படியோ கூடவே வெந்ததில், வெள்ளைச் சட்டை ரோஜா நிறத்துக்கு வந்தது. அதுவும் ஃபெயில். கிருமிநாசினியில் முக்கினார், சட்டையோடு நிறுத்தாமல் தானும் முழுகினார். கடைக்கு வந்த பெரியவர் ஒருவர், கண்ணைப் பார்க்கக் குனிந்தவரின் வாடையில் மிரண்டுபோய் எழுந்தார்.

"ஆபரேஷனெல்லாம் வேண்டாம் தம்பி. கண்ணாடி போதும்னுதான் வந்தேன்" என்று பழைய கண்ணாடியோடேயே படியிறங்கிப் போய்விட்டார்.

அன்றைய முடிவு முன்னெப்போதையும்விட மோசம். இரவு அவருடைய தலையணை கூடத்துக்கு வந்தது.

"எனக்குச் சட்டை மேல சந்தேகம் போயிடுச்சுங்க" என்றாள் மனைவி.

"அப்பாடா!"

"இப்ப உங்க மேலதான்."

மகள் சத்தம் போடாமல் தன் தட்டை மேசையின் மறுகோடிக்கு நகர்த்திக்கொண்டாள். அதுதான் அவருக்கு நெஞ்சில் சுருக்கென்றது. பெற்ற மகளே ஒதுங்கும்படி தன் உடம்பில் அப்படி என்னதான் குடியிருக்கிறது? கண்ணாடி முன் நின்று நாக்கை நீட்டிப் பார்த்தார். நாக்கும் அவரைப் பார்த்தது. ஒன்றும் விளங்கவில்லை.

மறுநாள் கடையைத் திறக்காமல், துணிக்கடைக்குப் போய்ப் புத்தம்புதுச் சட்டை ஒன்று வாங்கினார். உறையைப் பிரிக்கவில்லை, விரல் படவில்லை. நேரே ஆஸ்பத்திரிக்குப் போய் அலமாரியில் வைத்துவிட்டு, மதியம் மனைவியோடு திரும்பி வந்தார்.

"இன்னிக்குத் தெரிஞ்சிடும், அழுக்கு நானா இல்ல உன் குச்சியான்னு."

அவள் அலமாரியைத் திறந்தாள். உள்ளே வெறும் உறைதான் கிடந்தது.

"சட்டை எங்கேங்க?"

"இங்கேதானே வச்சேன்! சத்தியமா வச்சேன்!"

"வாங்கினீங்களா இல்லையா? உண்மையைச் சொல்லுங்க."

அவர் வாய் திறப்பதற்குள், ஐ.சி.யூ. பக்கமிருந்து ஸ்ட்ரெச்சர் தள்ளும் ஊழியர் ஒருவர் மூச்சிரைக்க ஓடிவந்து, இருவரையும் பார்த்துக் கூச்சத்தோடு சட்டைப் பொத்தானைக் கழற்றத் தொடங்கினார்.

"திருப்பி வைக்கக் கொஞ்சம் லேட்டாயிடுச்சு மேடம், மன்னிச்சுக்கங்க, எங்க யூனிஃபார்மை ஆராய்ச்சிக்கு வாங்கி வச்சுக்கிட்டாலும், அதுக்குப் பதிலா போட்டுக்கச் சொல்லி தினம் ஒரு சட்டை வச்சுட்டுப் போறீங்க பாருங்க, அந்த மனசு யாருக்கு வரும்!"