சுப்புராயன் பேர் எழுதின வலை

"இது உன் வலைதான்னு எப்படிச் சொல்ற?" என்று கேட்டார் ஏட்டு கிருஷ்ணப்பன். மூக்கைக் கைக்குட்டையால் பொத்தியிருந்ததால் அதிகாரம் கொஞ்சம் அமுங்கியே வெளியே வந்தது.

"பார்த்தாலே தெரியுதுங்க ஏட்டய்யா."

"எதைப் பார்த்து?"

சுப்புராயன் வலையை இந்த முனையிலிருந்து அந்த முனை வரை பார்த்தான். பிறகு அங்கிருந்து திரும்பி வந்தான். "கண்ணி கண்ணியா கீது பாருங்க," என்றான்.

"எல்லா வலையும் கண்ணி கண்ணியாத்தான்யா இருக்கும்."

"அய்ய, இதுல நல்லா கீதுங்க."

மூன்று நாளைக்கு முன் பேசின் பிரிட்ஜ் பக்கம் ஒரு மாட்டுவண்டியை மடக்கியதில் ஐந்து திருட்டு வலைகள் சிக்கின. வண்டிக்காரன் ஓடிவிட்டான். மாடும் திருட்டு மாடுதான். ஆனால் மாட்டுக்காரன் மறுநாளே வந்து கொம்பு, சுழி, வால்முடி என்று வரிசையாக அடையாளம் சொல்லி ஓட்டிக்கொண்டு போய்விட்டான். வலைகள்தான் ஸ்டேஷன் மூலையில் நாறிக்கொண்டிருந்தன. ஐந்தும் ஒரே பருத்தி நூல், ஒரே மரப்பட்டைச் சாயம், ஒரே மாதிரி மிதப்புக் கட்டை.

உண்மையைச் சொன்னால் சுப்புராயனுக்குத் தன் வலை எதுவென்று தெரியவில்லை. திருவொற்றியூர் குப்பத்தில் வலை வீசுவது ஆண்கள், பின்னுவதும் கிழிசல் தைப்பதும் பெண்கள். எந்த முடிச்சு எவள் போட்டது என்று பெண்கள் ஒரு பார்வையில் சொல்லிவிடுவார்கள். ஆண்களுக்கு முடிச்சு என்றால் முடிச்சுதான். சொல்லக்கூடிய அவன் மனைவி செல்லம்மாவோ ஐந்து நாளைக்கு முன்பே தங்கச்சி பிரசவத்துக்கென்று எண்ணூருக்குப் போய்விட்டாள். இரவெல்லாம் கடலில் கிடந்துவிட்டு வந்து படுத்தவனை விடியற்காலையில் உலுக்கிப் பத்து விஷயம் சொல்லிவிட்டுத்தான் கிளம்பினாள். அவனும் பத்துக்கும் "ம்" போட்டான். கோழியை அடைக்க வேண்டும் என்பதும் ஊறுகாய்ச் சாடியை மூட வேண்டும் என்பதும் மட்டும் நினைவில் தங்கின.

கண் விழித்து வெளியே வந்தபோது மணலில் காயப்போட்டிருந்த வலையைக் காணோம். அதற்கு முந்தின வாரம்தான் அப்பாவுவின் வலை களவு போயிருந்தது. ஆகவே சுப்புராயன் யோசிக்க வேண்டிய அவசியமே இல்லாமல் போயிற்று. அவனுக்கு இருந்தது அந்த ஒரு வலை. வலை இல்லாதவன் அடுத்தவன் கட்டுமரத்தில் கூலிக்குத் துடுப்புப் போட வேண்டும்.

அப்பாவுவும் ஸ்டேஷனுக்கு வந்திருந்தான். ஐந்தையும் புரட்டிப் பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினான். "என்துன்னு அடிச்சு சொல்ல முடியலீங்க. எம் பொண்டாட்டி வந்தா சொல்லிடுவா. ஆனா அவ போலீசு வாசல மிதிக்க மாட்டேன்றா."

"தெரியாட்டி நடையைக் கட்டு," என்றார் ஏட்டு.

நேர்மைக்கு என்ன மரியாதை என்பதைச் சுப்புராயன் அந்த நிமிஷமே கற்றுக்கொண்டான். கைக்கு எட்டிய வலையை அள்ளி மார்போடு அணைத்தான். "இதாங்க என்து. என் தலைமேல அடிச்சு சொல்றேன்."

மூலை காலியானால் போதும் என்றிருந்தது கிருஷ்ணப்பனுக்கு. 'இந்த வலை என்னுடையது, இல்லையென்றால் அதற்கு நானே பொறுப்பு' என்று எழுதிக் கைநாட்டு வாங்கிக்கொண்டார். "இனிமே எதாவது அடையாளம் போட்டு வை. மறுபடி 'கண்ணி கண்ணியா கீது'ன்னு வந்து நின்னே, வலைக்குப் பதிலா உன்னை மூலையில போட்டுடுவேன்."

கரைக்கு வந்து வலையை விரித்து மிதப்புக் கட்டைகளை எண்ணினான். தன் வலையில் முப்பது கட்டை என்று அவனுக்கு ஞாபகம். இதில் முப்பத்துநாலு இருந்தன.

"திருடன் நாலு கட்டை சேர்த்துக் கட்டிகீறான் பாரு அப்பாவு."

"நல்ல மனுசனா இருப்பான் போலகீது நைனா," என்று அப்பாவு பெருமூச்சு விட்டான். "என் வலைய எடுத்தவன் எப்படிப்பட்டவனோ."

மறுநாள் முதல் அப்பாவு சுப்புராயனின் கட்டுமரத்தில் கூலிக்கு ஏறினான், பிடிக்கிற மீனில் கால் பங்கு என்று பேச்சு. வலையை இழுக்கும்போதெல்லாம் சுப்புராயன் அவனுக்குப் புத்தி சொன்னான். "ஒரு அடையாளம் வெச்சிருந்தா உன் வலை போயிருக்குமா? நீ இப்படி என் வலைய இஸ்துகினு இருப்பியா?" அப்பாவு தலையாட்டிக்கொண்டே இழுத்தான். வலை என்னவோ அவன் கைக்கு நன்றாகப் பழகி வந்தது.

சொன்னபடி சுப்புராயன் அடையாளம் போட்டான். செல்லம்மாவின் பழைய சிவப்புப் புடவையைக் கிழித்து மேல்கயிற்றில் முழத்துக்கு ஒரு துண்டு கட்டினான். அன்றைக்குப் பார்த்துக் காணாங்கத்தை மீன் அப்பிக்கொண்டு வந்தது. சிவப்புத் துணி அம்மனுக்கு நேர்ந்துகொண்டது என்று குப்பம் முடிவு செய்துவிட்டது. அவன் எவ்வளவு சொல்லியும் கேட்கவில்லை. மூன்றே நாளில் கரையில் கிடந்த அத்தனை வலையிலும் சிவப்புத் துணி ஆடியது.

நான்காம் நாள் குப்பத்துக்காரன் ஒருவன், சிவப்புத் துணியைப் பார்த்துத் தன்னுடையது என்று நினைத்து, சுப்புராயனின் வலையை எடுத்துக்கொண்டு கடலுக்குப் போய்விட்டான். திரும்பி வந்ததும் சுப்புராயன் அவன் சட்டையைப் பிடித்தான்.

"அடையாளத்த பார்த்துத்தானே எடுத்தேன்," என்றான் அவன். "துணி இல்லாம கெடந்தா நான் ஏன் தொடப்போறேன்?"

சுப்புராயன் சட்டையை விட்டுவிட்டு நேராகத் தண்டையார்பேட்டைக்கு நடந்தான். அங்கே கமாலுதீன் என்று ஒரு பெயிண்டர். ஆறு மாதத்துக்கு முன் நடந்த எலக்‌ஷனில் இரண்டு கட்சிக்காரர்களுக்கும் சுவர் எழுதி, இருவரிடமும் மிச்சம் பிடித்த பெயிண்ட் வீடு நிறைய வைத்திருந்தார்.

"கட்டைக்குக் கட்டை என் பேர எழுதிக் கொடு பாய். தண்ணி பட்டாலும் போவக் கூடாது."

"கப்பலுக்கு அடிக்கிற பெயிண்டே கீது. உன் பேரன் காலத்துக்கும் நிக்கும். வோட்டுக்கு நிக்கப் போறியா?"

"வலை காணாமப் போவாம இருக்கத்தான்."

கட்டைகளை வலையிலிருந்து அவிழ்த்தால்தான் எழுத முடியும் என்றார் கமாலுதீன். அப்பாவுவும் சுப்புராயனும் அரை நாள் உட்கார்ந்து முப்பத்துநாலையும் அவிழ்த்தார்கள். முதலில் மஞ்சள் அடித்து, அதன்மேல் கறுப்பில் ஒரு பக்கம் 'சுப்புராயன்' என்றும் மறுபக்கம் 'திருவொற்றியூர் குப்பம்' என்றும் கமாலுதீன் எழுதினார். ஒவ்வொரு கட்டையையும் ஆடாமல் பிடித்துக்கொண்டது அப்பாவுதான். சாயங்காலம் அவன் கை முழங்கை வரை மஞ்சளாக இருந்தது. நாலு நாள் அந்தக் கையோடுதான் சாப்பிட்டான்.

காய்ந்த பிறகு கட்டைகளைத் திரும்பக் கட்டியது சுப்புராயன். பெண்கள் செய்கிற வேலை அது. இருபது வருஷமாகப் பக்கத்தில் உட்கார்ந்து பார்க்கிறோமே, இது என்ன பிரமாதம் என்று நினைத்தான். கடல் அப்படி நினைக்கவில்லை. இரண்டாம் நாளே மூன்று கட்டைகள் முடிச்சவிழ்ந்து போய்விட்டன. ஆனி மாதத்து நீரோட்டம் அவற்றை வடக்கே தள்ளிக்கொண்டு போயிற்று.

பேரில்லாத கட்டை எத்தனையோ கரை ஒதுங்கியிருக்கிறது. எடுத்தவர்கள் அடுப்பில் வைத்துவிடுவார்கள், யாரும் எதுவும் கேட்க மாட்டார்கள். எண்ணூர்க் கரையில் இந்த மூன்றும் ஒதுங்கியபோது உப்பளத்துக் கணக்குப்பிள்ளை அந்த வழியாகப் போனார். எடுத்தார், இரண்டு பக்கமும் திருப்பிச் சத்தமாகப் படித்தார். செல்லம்மா தங்கச்சிக்குப் பத்தியச் சோறு வடித்துக்கொண்டிருந்த வீடு அங்கிருந்து நாற்பது அடிதான்.

அன்றைக்குக் காற்று எதிர்த்து அடித்ததால் சுப்புராயனின் கட்டுமரம் கரைக்கு வர வெயில் உச்சிக்கு ஏறிவிட்டது. கரையில் ஒரே கூட்டம். ஒரு பெண் மார்பில் அடித்துக்கொண்டு அழுதாள். இன்னொருத்தி அவளைக் கட்டிக்கொண்டு அழுதாள்.

"அழுவுறது யார்னு பாரு," என்றான் சுப்புராயன், கண்ணை இடுக்கிக்கொண்டு. "என் பொண்டாட்டியும் உன் பொண்டாட்டியும் மாரி கீது."

"சும்மா இரு நைனா," என்றான் அப்பாவு.

அவன் சொன்னதில் நியாயம் இருந்தது. அப்பாவுவின் மனைவி மங்கம்மாவும் செல்லம்மாவும் கருவாடு காயப்போடுகிற இடத்துக்காகச் சண்டை போட்டு ஆறு மாதம் ஆகிறது. சுப்புராயன் வீட்டுப் பக்கம் தலைவைத்தும் படுப்பதில்லை என்று மங்கம்மா சபதமே செய்திருந்தாள். ஆனால் சாவு வீட்டில் பகை பார்க்கிற வழக்கம் குப்பத்தில் கிடையாது. செல்லம்மா மாட்டுவண்டியில் எண்ணூரிலிருந்து வந்து இறங்கியதுமே மங்கம்மா ஓடிப்போய்க் கட்டிக்கொண்டாள். தன் புருஷனும் அதே கட்டுமரத்தில்தான் போயிருக்கிறான் என்ற பயம் அவளுக்கு.

"நீ பயப்படாதே," என்று சைக்கிளில் வந்து சேர்ந்த ஏட்டு கிருஷ்ணப்பன் அவளைத் தேற்றிக்கொண்டிருந்தார். "உன் புருஷன் பேரு எந்தக் கட்டையிலும் இல்லை."

சுப்புராயனும் அப்பாவுவும் வலையைத் தோளில் சுமந்து கூட்டத்துக்குள் நுழைந்தார்கள். "யாருப்பா செத்துப் பூட்டது?" என்று முன்னால் நின்றவனைக் கேட்டான் சுப்புராயன்.

"நீதான்," என்று சொன்ன அவன், திரும்பிப் பார்த்துவிட்டு இரண்டடி பின்வாங்கினான்.

அழுகை ஒரேயடியாக நின்றது. செல்லம்மா எழுந்து வந்து அவன் முகத்தைத் தொட்டாள், தோளைத் தொட்டாள். பிறகு அதே தோளில் ஓங்கி ஒன்று வைத்தாள். அதற்குப் பிறகுதான் அவளுக்கு நிஜமாகவே அழுகை வந்தது. இவளுக்கு நம்மேல் இவ்வளவு இருக்கிறதா என்று நினைத்தபோது, சுப்புராயனுக்கு மூன்று கட்டை போனதுகூடப் பெரிதாகத் தெரியவில்லை.

"இன்னொருத்தன் நம்ம வலைமேல கை வைக்கக் கூடாதுன்னுதான்மே பேரு எழுதினேன்," என்றான். "களவு பூட்ச்சு. நான் எவ்ளோ பேஜாரு பட்டு ஸ்டேஷன்லருந்து மீட்டாந்தேன் தெரியுமா? நீ ஏட்டய்யாவ கேளு."

"எந்த வலை?" என்றாள் செல்லம்மா, மூக்கை உறிஞ்சிக்கொண்டு.

"நம்ம வலைமே. கெடக்குது பாரு."

செல்லம்மா மணலில் கிடந்த வலையைப் பார்க்கவில்லை. தான் வந்த வண்டியைத் திரும்பிப் பார்த்தாள். அவளும் எண்ணூர்ச் சொந்தக்காரப் பெண்களும் வழியெல்லாம் எதன்மேல் உட்கார்ந்து அழுதுகொண்டு வந்தார்களோ அது வண்டியில் மூட்டையாகக் கிடந்தது. புதுச் சாயம் வெயிலில் பளபளத்தது.

"நம்ம வலை தோ கீது. எண்ணூர்ல எங்க அண்ணன் வலைக்குச் சாயம் காச்சுறாரு, வலைய எடுத்துகினு போறேன்னு சொல்லிட்டுத்தானே போனேன்? நீகூட 'ம்'னியே."

சுப்புராயன் வண்டிக்கு ஓடிப்போய்க் கட்டைகளை எண்ணினான். முப்பது. இன்னொரு முறை எண்ணினான், அப்போதும் முப்பதுதான்.

கிருஷ்ணப்பன் சைக்கிளை மெதுவாக ஸ்டாண்டு போட்டார். சட்டைப்பையிலிருந்து கைநாட்டு வைத்த காகிதத்தை எடுத்துப் பிரித்தார். "அப்போ இது யாருடைய வலை?" என்று மணலில் கிடந்ததைக் காட்டிக் கேட்டார்.

மீதியிருந்த முப்பத்தோரு கட்டைகளும் மஞ்சள் மஞ்சளாக ஒரே பதிலைச் சொல்லின.

இதற்குள் மங்கம்மா, புருஷன் உயிரோடு வந்த நிம்மதியில் கண்ணைத் துடைத்துக்கொண்டு மணலில் குந்தியிருந்தாள். வலையைக் கண்டால் அவள் கை சும்மா இருக்காது. கட்டை போன இடத்தைத் தைக்கலாம் என்று ஒரு கண்ணியை இழுத்தவள், முடிச்சை விரலால் நெருடிப் பார்த்தாள். பக்கத்து முடிச்சையும் பார்த்தாள். பிறகு தலையை நிமிர்த்தி, கையில் இன்னும் மஞ்சள் போகாத தன் புருஷனைப் பார்த்துக் கேட்டாள்:

"யோவ், இது என் கை முடிச்சு. இத்தினி நாளா நம்ம வலைய நீயே இஸ்து, நம்ம மீன்லயே கால் பங்க இவங்கிட்ட கூலியா வாங்கினு வந்துகினு இருந்தியா?"