கடைசிப் பிரார்த்தனைக்கு ரகமிம்

"மன்னிப்பா? எதுக்கு?" என்று கதவைப் பாதி திறந்தபடி, வாசலில் நின்ற பக்கத்து வீட்டு எல்கானாவிடம் கேட்டார் ரகமிம்.

அங்கேதான் வந்தது வினை. பொழுது சாய்ந்தால் யூதர்களின் பாவமன்னிப்பு நாளான யோம் கிப்பூர் நோன்பு. கடவுளுக்குச் செய்த பாவத்தைக் கடவுள் மன்னித்துவிடுவார். பக்கத்து வீட்டுக்காரருக்குச் செய்ததை அவர்தான் மன்னிக்க வேண்டும். இல்லாவிட்டால் இருபத்தைந்து மணி நேரப் பட்டினியும் தண்டம். தண்டத்துக்குப் பட்டினி கிடக்க எல்கானா தயாராக இல்லை.

"போன வருஷம் ஜெபக்கூடத்துல நோன்பை முடிக்கிற கடைசிப் பிரார்த்தனையை நீங்க பாடறதா இருந்ததில்ல? உங்க குரல் ஆடு கத்துற மாதிரி இருக்குன்னு நிர்வாகிகிட்ட போட்டுக்கொடுத்தது நான்தான்."

"அடப்பாவி! நீதானா அது!"

கதவு படாரென்று சாத்தப்பட்டது.

கால் மணி நேரத்தில் தேன் கேக்கோடு திரும்பி வந்தார் எல்கானா. ரகமிம் அவரை ஏற இறங்கப் பார்த்தார்.

"நெஜமாவே என் குரல் அப்படியா இருக்கு?"

"ஐயையோ! தேன்! சுத்தத் தேன்!"

"அப்ப வேணும்னே பொய் சொல்லியிருக்க."

"பொய்னு சொல்ல முடியாது..."

"அப்ப ஆடுங்கிற!"

கேக் உள்ளே போனது. எல்கானா வெளியே நின்றார்.

வேறு வழி தெரியாமல் ஜெபக்கூடத்துக்கு ஓடி நிர்வாகியைப் பிடித்தார்.

"நாளைக்கு ரகமிமைப் பாட விடுங்க. அற்புதமான குரல்!"

"நான் கேள்விப்பட்டது வேற மாதிரியாச்சே?"

"அதெல்லாம் நான் கட்டிவிட்ட கதை. ஏதாவது ஆனா நான் பொறுப்பு."

சேதி கேட்ட ரகமிம் எல்கானாவைக் கட்டிப்பிடித்து, அழுது, மன்னித்தும் விட்டார்.

மறுநாள் சாயங்காலம் பாடத் தொடங்கினார். பத்து வருஷ ஆசையை ஒரே மூச்சில் தீர்த்துக்கொண்டார். ஒவ்வொரு சொல்லையும் மூன்று தடவை இழுத்தார். நட்சத்திரம் முளைத்தது. அக்கம்பக்கத்து வீடுகளில் நோன்பு முடித்தவர்களின் சூப் வாசனை ஜன்னல் வழியே வந்தது. ரகமிம் இன்னும் பாதியைத் தாண்டவில்லை. ஒருவர் மயங்கியே விழுந்தார். காலையிலிருந்து மார்பில் அடித்துக்கொண்டு பாவமன்னிப்புக் கேட்ட புண்ணியவான்கள் இப்போது பற்களை நறநறவென்று கடித்தார்கள்.

"யாருய்யா இந்த ஆளை ஏத்திவிட்டது?"

நிர்வாகி எல்கானாவைக் கைகாட்டினார்.

ஒருவழியாக, நோன்பு முடிந்ததற்கான கொம்பு ஊதி முடிந்ததும், எல்கானா வாசலில் நின்று ஒவ்வொருவர் கையாகப் பிடித்துக் கெஞ்சினார்.

"அடுத்த வருஷம் வா, பாக்கலாம்" என்றார் ஒருவர். மற்றவர்கள் அதுகூடச் சொல்லவில்லை. நேற்று ஒருத்தரிடம் பாவம். இன்று இருநூறு பேரிடம். பாவம் மனுஷன், கண் கலங்கிவிட்டார்.

மாடியில் இருந்த பெண்கள் பகுதியிலிருந்து ரகமிமின் மனைவி மஸால் சுவரைப் பிடித்துக்கொண்டு இறங்கி வந்தாள்.

"போன வருஷம் அவரைப் பாட விடாம பண்ணது நீங்கன்னா நினைச்சீங்க? பத்து வருஷமா நிர்வாகி கால்ல விழுந்து தடுத்து வெச்சிருந்தது நான்தாண்ணே!"