படங்கில் தைத்த ரோசா

தர்ஷினி, கிஷோர், இரண்டு பேரும் கேளுங்கள்.

போன வாரம் ஹட்டன் பஸ்ஸில் பக்கத்து சீட்டுக்காரரிடம், "எங்கம்மாவ ஒரு ரோசாப்பூ கடிச்சிருச்சுங்க" என்று சொல்லிச் சிரித்தீர்கள். அது நடந்த அன்றைக்கு நீங்கள் பள்ளிக்கூடத்தில் இருந்தீர்கள். நடந்ததைப் பார்த்தவன் நான்தான். செய்தவனும் நான்தான். அதனால் முழுக் கதையையும் எழுதி வைக்கிறேன்.

ஆரம்பித்து வைத்தவர் டவுன் டாக்டர். எனக்குப் பிரஷர் பார்த்துவிட்டு, "மனசுக்கு அமைதி வேணும். கையால ஏதாவது செஞ்சு பழகுங்க" என்றார். மீசை முளைத்த நாளிலிருந்து தேயிலை ஃபெக்டரியில் கையால் மட்டுமே வேலை செய்கிறவனிடம் இதைச் சொன்னார். (மூளையால் ஏதாவது செய்யச் சொல்லியிருந்தால் எனக்கும் புதுசாக இருந்திருக்கும்.)

என்ன கைவேலை பழகுவது என்று ஃபோனில் வீடியோக்களாகப் பார்த்தேன். நகம் வளர்த்த ஓர் அம்மா, "உங்களுக்குள் ஒரு கலைஞர் தூங்கிக்கொண்டிருக்கிறார், எழுப்புங்கள்" என்றார். எழுப்பக் கிளம்பினேன். தேயிலை வேரில் சிற்பம் செதுக்கலாம் என்றால், வேரைத் தோண்டும்போதே வாட்சர் பிடித்துவிடுவார். களிமண் பொம்மை செய்யலாம் என்றால், நம் ஊர் மழையில் அது காய்வதற்குள் எனக்குப் பேரப்பிள்ளை பிறந்துவிடும். கம்பளித் தொப்பி பின்ன இரண்டு ஊசி வேண்டும். பூத்தையலுக்கு ஓர் ஊசி போதும். நாடகம் பார்த்துக்கொண்டே செய்யலாம். எனக்குள் இருந்த கலைஞரும் என்னைப் போலவே சோம்பேறி. பூத்தையலே போதும் என்றுவிட்டார்.

துணிதான் இல்லை. உங்கள் அம்மா நல்ல துணியையெல்லாம் பெட்டிக்குள் பூட்டிவிட்டாள். ஆணியில் தொங்கியது அவளுடைய புதுப் படங்குதான். கொழுந்து பறிக்கும்போது செடியிலிருக்கும் தண்ணீர் சேலையில் படாமல் இடுப்பைச் சுற்றிக் கட்டுகிற தடித்த பிளாஸ்டிக் படங்கு. அதை அவள் ஒரு நாளுக்காகவே கட்டாமல் வைத்திருந்தாள். வெளிநாட்டிலிருந்து ஆட்கள் தோட்டம் பார்க்க வரப்போகிறார்கள், கொழுந்து பறிப்பதை முன்னால் நின்று காட்ட வேண்டியது ராஜேஸ்வரி என்று தோட்டத்தை நடத்துகிற தொரையே சொல்லியிருந்தார். இத்தனை வருடத்தில் முதல் தடவையாக அவளுடைய பெயரைத் தொரை வாயால் சொன்னதாக, வரிசை வீடுகள் நிறைந்த நம் லயமே பேசிக்கொண்டது.

அதில் ஒரு ரோசாவைத் தைத்தேன். சிவப்பு நூல், பச்சை இலை. பிளாஸ்டிக்கில் ஊசி 'டக், டக்' என்று இறங்குவது மனசுக்கு அத்தனை அமைதியாக இருந்தது. அமைதி கூடக்கூட ரோசாவும் பெருத்து முட்டைக்கோசு அளவுக்கு வந்துவிட்டது.

ஆட்கள் வருகிற அன்றைக்குக் காலையில் படங்கை எடுத்த அம்மா திகைத்துப்போனாள். "என்னங்க, நீங்களா தச்சீங்க? நல்லாத்தான் இருக்கு!" என்றாள். வேலைக்குப் பேர் கொடுக்கிற பெரட்டுக்களத்தில் அக்காமார் சுற்றி நின்று பார்த்தார்கள். ஒருத்தி, "அண்ணே, எனக்கு மயில் போட்டுத் தாங்க" என்று ஓடர் கூடக் கொடுத்தாள். காலம் காலமாகப் படங்கு கட்டுகிற அத்தனை பேரில் ஒருவருக்கும் சந்தேகம் வரவில்லை. நானும் கலைஞனாகிவிட்ட பெருமையில் லீவு போட்டுவிட்டு ரோட்டோரம் போய் நின்றேன்.

விடிய விடியப் பெய்த மழையில் செடியெல்லாம் தண்ணீர். அம்மா தேயிலைச் செடிகளின் நிரைக்குள் இறங்கிப் பறித்துக் காட்டினாள். வெள்ளைக்காரர்கள் ரோசாவைப் படம் எடுத்தார்கள். சிறிது நேரத்தில் ஒரு வெள்ளைக்கார அம்மா வீறிட்டாள். உங்கள் அம்மாவின் சேலை முழங்காலிலிருந்து கணுக்கால் வரை சிவந்து, சொட்டுச் சொட்டாக வடிந்தது.

"ஏ ராஜேசு, அட்டை! அட்டை கடிச்சிருச்சு!" என்று கங்காணி கத்தினார்.

ஒருத்தி சவுக்காரக் கட்டியோடு ஓடி வந்தாள். இன்னொருத்தி உப்பை அள்ளித் தேய்த்தாள். "எங்கடி அட்டை?" "இவ்வளவு ரத்தம்னா பத்து அட்டையாவது இருக்கும்டி!" வெள்ளைக்காரர்களைக் கூட்டி வந்தவர் இதை இங்கிலீசில் சொன்னாரோ என்னவோ, வந்தவர்கள் எல்லாரும் வேனுக்குள் ஏறிக் கதவைச் சாத்திக்கொண்டார்கள். தொரை என்னைப் பார்க்கவில்லை. ரோசாவைத்தான் பார்த்தார். அது சாயம் போய்ப் பாதி வெளுத்திருந்தது.

வேன் போய்விட்டது. அம்மா நடுங்கிக்கொண்டே மேலே ஏறி வந்தாள்.

"ஏங்க, படங்கு எதுக்குக் கட்டுறோம்?"

"தண்ணி படாம இருக்க."

"அதுல எத்தன ஓட்ட போட்டீங்க?"

"ஓட்ட இல்ல ராஜேசு, தையல்."

கங்காணி சிரித்தார். அக்காமார் சிரித்தார்கள். அம்மா சிரிக்கவில்லை. "இனி என்னய எவன் முன்னுக்கு நிக்கச் சொல்லப் போறான்?" என்று மட்டும் சொல்லிவிட்டு, ஈரச் சேலையோடு மறுபடியும் நிரைக்குள் இறங்கினாள்.

இப்போது அவளும் சிரிப்பாள். யாருக்காவது அட்டை கடித்தால், "எங்க வீட்டுக்காரரு தச்சதா பாரு" என்பாள். மயில் கேட்ட அக்கா என்னைக் கண்டாலே படங்கை இறுக்கிப் பிடித்துக்கொள்வாள். ஆனால் அடுத்து வந்தவர்களுக்குக் காட்ட முன்னால் நின்றது வேறொருத்தி.

இதுவரைக்கும் சொல்லாத ஒன்று. அது நடந்ததற்கு அடுத்த ஞாயிற்றுக்கிழமை நீங்கள் மூவரும் கோயிலுக்குப் போயிருந்தபோது, அம்மாவுக்காகப் பொகவந்தலாவைக் கடையில் வாங்கி வந்த புதுப் படங்கை என் இடுப்பில் கட்டிக்கொண்டேன். மழை விட்டிருந்தது. ஆளில்லாத தேயிலை மலையில் இறங்கி, கொழுந்து பறிப்பதுபோல் செடிக்குள் கையை விட்டபடி ஒரு நிரையின் முனை வரை போய்த் திரும்பி வந்தேன். இடுப்புக்குக் கீழே ஒரு சொட்டுப் படவில்லை. இரண்டு கையும் தோள் வரை நனைந்து விறைத்திருந்தன. படங்கைத் துடைத்து ஆணியில் மாட்டிவிட்டு, விரல் மடங்கும் வரைக்கும் அடுப்புக்கு முன்னால் உட்கார்ந்திருந்தேன்.