ஹெல்மெட்டோடு பெண் காட்டிய கதை

எங்கள் பக்கம் அடிபட்டவனை அடி கொல்லாது. நலம் விசாரிக்க வருகிறவர்கள்தான் கொல்வார்கள். ஒரு பாக்கெட் ரொட்டியும் நாலு ஆப்பிளும் கொடுத்துவிட்டு, "எப்படிப் பட்டுச்சு?" என்று முதலிலிருந்து கேட்பார்கள். வாயால் சொன்னால் போதாதா? நான் செய்தே காட்டினேன்.

எங்கள் திண்டுக்கல் வீட்டில் மோட்டார் சுவிட்ச் மாடிப்படிக்கு அடியில் இருக்கிறது. (அங்கே வைத்த எலக்ட்ரீஷியன் நல்லா இருக்கட்டும்!) தொட்டி நிரம்பி வழியும் சத்தம் கேட்டு ஓடி, குனிந்து அணைத்து, வீரமாக நிமிர்ந்தேன். உச்சந்தலையில் கான்கிரீட். மயக்கம், வாந்தி, ஸ்கேன். மூளை குலுங்கியிருக்கிறது, ஓய்வெடுத்தால் சரியாகிவிடும் என்றார் டாக்டர்.

அந்த வாரமே அம்மாவின் தம்பி, குஜிலியம்பாறை மாமா, பார்க்க வந்தார். "ஏன் மாப்ள, படி அம்புட்டு ஒசரத்துல இருக்கு. அது எப்படி இடிக்கும்?" என்றார். எனக்கு மானப் பிரச்சினையாகிவிட்டது. கையைப் பிடித்துக் கூட்டிப்போனேன்.

"இந்தா, இப்படிக் குனிஞ்சேன் மாமா. இப்படி எந்திரிச்சேன்..."

டங்!

"இப்ப வெளங்குச்சு மாப்ள," என்றார் மாமா.

இந்த முறை டாக்டர் என்னிடம் பேசவே இல்லை. என் மனைவி செல்வியைப் பார்த்து, "இவரு எப்பவுமே இப்படித்தானாம்மா?" என்று கேட்டார். முதல் அடி ஆறுவதற்குள் அடுத்தது. ஒரு மாதமாவது ஆகும். போன், டிவி, வெயில், இரைச்சல் எதுவும் ஆகாது. இன்னொரு அடி பட்டால் விபரீதம்.

மிக்சி அடுப்படியில் ஓடினால் என் மண்டைக்குள் ஓடியது. பேச்சின் நடுவே பேர்கள் காணாமல் போயின. இப்படியே நின்றுவிடுமோ என்று உள்ளுக்குள் பயந்து செத்தேன். "தலையைப் பத்திரமாப் பாத்துக்கங்க" என்று டாக்டர் சொன்னதைச் சட்டமாக்கி, செல்வி வீட்டுக்குள்ளேயே எனக்கு ஹெல்மெட்டை மாட்டிவிட்டாள். சத்தியமாகச் சொல்கிறேன், சுகமாக இருந்தது. கறுப்புக் கண்ணாடியை இறக்கிவிட்டால் வெளிச்சமும் இல்லை, அம்மாவின் புலம்பலும் இல்லை.

அந்த நேரம் பார்த்துத்தான் வேடசந்தூரிலிருந்து என் தங்கையைப் பெண் பார்க்க வருவதாகச் சொல்லி அனுப்பினார்கள். தட்டித் தட்டிப்போய்க் கடைசியில் அமைந்த வரன். பையன் மில்லில் சூப்பர்வைசர். போட்டோவைப் பார்த்ததிலிருந்து தங்கைக்குச் சோறு இறங்கவில்லை. அப்பா இல்லாத வீட்டில் பேச வேண்டியவன் நான்.

மாதா கோயிலில் ஞாயிறு பூசை முடிந்து ஒரு வேன் நிறைய வந்து இறங்கினார்கள். டியூப் லைட், இரைச்சல். தலை பிளந்தது, ஹெல்மெட்டைக் கழற்ற முடியவில்லை. "வாங்க, வாங்க" என்று உள்ளேயிருந்தே கும்பிட்டேன். பையனின் அம்மா நாற்காலியைக் கொஞ்சம் பின்னால் இழுத்துக்கொண்டார்.

"தங்கச்சி பேரு ஏதோ சொன்னாங்க, மறந்துட்டேன். என்ன தம்பி?" என்று கேட்டார்.

வரவில்லை. அந்தப் பேரை வைத்தவனே நான்தான். வரவில்லை. "எங்க... பாப்பாங்க... நல்ல பேருங்க" என்றேன். கதவுக்குப் பின்னால் தங்கை விம்முவது ஹெல்மெட்டைத் தாண்டிக் கேட்டது.

பையனின் அப்பா என் அம்மா பக்கம் குனிந்து, "தம்பிக்கு இது சின்னதுல இருந்தேவா?" என்றார்.

பக்கத்தில் உட்கார்ந்திருந்த குஜிலியம்பாறை மாமாவுக்குப் பொறுக்கவில்லை. "அய்யய்யோ, அதெல்லாம் இல்லீங்க! படியில இடிச்சதுதான். வாங்க மாப்பிள்ளை, காட்டுறேன்" என்று பையனையே இழுத்துப் போனார். மாப்பிள்ளையும் மரியாதைக்குக் குனிந்தார்.

"இப்ப எந்திரிங்க."

டங்!

ஹெல்மெட்டைக் கழற்றி எறிந்துவிட்டு ஓடினேன். "ஏ ஜெனிட்டா! ஐஸ் எடுத்துக்கிட்டு ஓடியா!"

பேர் வந்துவிட்டது! எனக்கு அழுகையே வந்தது. ஜெனிட்டா பட்டுச்சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு ஓடி வந்து, மாப்பிள்ளையின் தலையில் ஐஸை வைத்து அழுத்தினாள்.

"ரொம்ப வலிக்குதாங்க?"

"இல்லீங்க. இன்னும் செத்த நேரம் வச்சிருங்க." (அந்தச் சின்னப் புடைப்புக்கு அம்புட்டு ஐஸ் தேவையே இல்லை.)

"அதான் தம்பி அப்படி ஆயிட்டாரு, பாவம்" என்று பையனின் அம்மா நாற்காலியை முன்னால் இழுத்துப்போட்டுக்கொண்டார். அன்றே பூ வைத்தார்கள்.

நானும் தேறிவிட்டேன். இப்போது ஜெனிட்டாவின் மகள், "எங்கப்பா எங்கம்மாவை எப்படிப் பாத்தாரு?" என்று வீட்டில் யாரையாவது கேட்பாள். மாமா வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, "வா கண்ணு, காட்டுறேன்" என்று எழுவார். உடனே குடும்பம் மொத்தமும் பாய்ந்து அவர் சட்டையைப் பிடித்துக்கொள்ளும்.