தகர வீட்டில் நான் காலமான கதை

இந்த வருஷம் செத்தாலும் வீட்டுக்குப் பெயின்ட் அடிப்பதில்லை என்று சபதம் எடுத்தேன். அந்தச் 'செத்தாலும்' என்ற வார்த்தையைக் கொஞ்சம் யோசித்துச் சேர்த்திருக்க வேண்டும்.

என் பெயர் பவுதிலியோ. வால்பரைசோ துறைமுகத்தில், வெளிநாட்டுக்காரர்களுக்குக் குன்று குன்றாக ஊரைச் சுற்றிக் காட்டுவது தொழில். எங்கள் ஊரில் சமதரை என்றால் கடலோரத்துத் தெருக்கள் நாலைந்துதான். மீதியெல்லாம் படி. கடைக்குப் படி, மாதா கோயிலுக்குப் படி, கல்லறைக்கும் படி. இத்தனை படி உள்ள ஊரில் எதற்கும் படியாத ஒரே ஆள் நான்தான் என்பாள் என் மனைவி எதெல்மிரா.

அவள் என்னைக் கூப்பிடுவது 'கிழவா' என்று. இங்கே கல்யாணமான மறுநாளே அப்படித்தான் கூப்பிட ஆரம்பிப்பார்கள். செல்லமாம். இருபத்தெட்டு வருஷமாகக் கூப்பிட்டுக் கூப்பிட்டு என்னை அப்படியே ஆக்கிவிட்டாள். பதிலுக்கு நானும் 'கிழவி' என்பேன். ஆனால் அவள் மட்டும் இன்னும் ஆகவில்லை.

நாங்கள் இருப்பது வண்ணத்துப்பூச்சிக் குன்றில். பெயரில்தான் வண்ணம். எங்கள் தகர வீட்டின் நிறம் ஆறு வருஷமாகத் துரு. செப்டம்பர் பதினெட்டு எங்கள் சுதந்திரத் திருநாள். அதற்குள் வீட்டுக்குப் பெயின்ட் அடித்துக் கொடி கட்டாதவனை இந்த ஊரில் யாரும் மனுஷனாகவே மதிக்க மாட்டார்கள்.

"கிழவா, பதினெட்டாம் தேதி என் தங்கச்சி சுனில்டா வர்றா."

"வரட்டுமே."

"போன வருஷம் வந்தப்ப என்ன கேட்டா தெரியுமா? 'அக்கா, இது வீடா, கப்பலை உடைச்சுப் போட்ட இடமா?'ன்னா."

"வீஞாவுல இருக்கிறவ அப்படித்தான் கேப்பா. அவங்க ஊர்ல கடிகாரத்துக்கே பூ வைக்கிறாங்க."

"வர்ற ஞாயித்துக்கிழமை அடிச்சு முடிச்சுடு."

"ஞாயித்துக்கிழமையா? என் மூட்டு இருக்கே..."

"இருக்கு இருக்கு. சனிக்கிழமை வரைக்கும் மூணு குன்னு ஏறுற மூட்டு, ஞாயித்துக்கிழமை மட்டும் ஏன் வலிக்குது?"

உங்களிடம் சொல்வதற்கென்ன, மூட்டு நன்றாகத்தான் இருந்தது. அந்த ஞாயிறு எங்கள் துறைமுகத்துப் பச்சைச் சட்டை அணிக்கும், பக்கத்து ஊர் வீஞாவின் நீல மஞ்சள் அணிக்கும் கால்பந்து. வருஷத்தில் எதை விட்டாலும் அதை விட மாட்டேன். டிக்கெட்டை மடித்து மேட்சுக்கு மட்டும் போடும் என் பழுப்புத் தொப்பியின் உள்பட்டியில் செருகி வைத்திருந்தேன்.

பூசி மெழுகுவது என் தொழில். சுவரை அல்ல, பேச்சை. அன்றைக்கு மாலையே தேநீர்க் கோப்பையோடு ஆரம்பித்தேன்.

"கிழவி, இந்த வீட்டுமேல இனிமே பிரஷ்ஷே படக் கூடாது. இது சாதாரணத் துரு இல்ல. பாரம்பரியத் துரு."

"துருவுல என்ன பாரம்பரியம்?"

"பெயின்ட் அடிச்ச வீடு ஊருக்குள்ள ஆயிரம் இருக்கு. அடிக்காத வீடு இது ஒண்ணுதான். வெளிநாட்டுக்காரங்க இதைப் பாத்தா அசந்துடுவாங்க."

"யாரு, இதைப் பாத்தா?"

"நாளைக்கே எட்டு பேரைக் கூட்டிட்டு வர்றேன், நீயே பாரு. ஆனா ஒண்ணு. நீ என்னைத் தெரிஞ்சமாதிரி காட்டிக்காதே. சொந்த வீட்டையே காட்டி ஏமாத்துறான்னு நினைப்பாங்க."

எதெல்மிரா என் கோப்பையில் இன்னும் கொஞ்சம் தேநீர் ஊற்றினாள். "சரி. நீ யாருன்னே எனக்குத் தெரியாது. போதுமா?"

போதும் என்றேன். இருபத்தெட்டு வருஷத்தில் ஒரே பேச்சில் அவள் ஒத்துக்கொண்டது அதுதான் முதல் தடவை. அப்போதே எனக்கு உறைத்திருக்க வேண்டும்.

எட்டு பேரும் ஹாலந்திலிருந்து வந்த ஓய்வுபெற்றவர்கள். நடைபயிற்சிச் சங்கமாம். இரண்டு வாரத்துக்கு என்னை அமர்த்தியிருந்தார்கள். தலைவி வில்லமைன் அம்மாள், பழைய கணக்கு டீச்சர். காலையில் அவர்களைக் குன்றேறும் விஞ்சில் ஏற்றி, மேலே கடலைப் பார்க்க நிறுத்தி, வழக்கமான கதையை இங்கிலீஷில் எடுத்து விட்டேன். அந்தக் காலத்து மாலுமிகள் கப்பலில் மிஞ்சின பெயின்ட்டை வீட்டுக்கு அடித்தார்கள். திரும்பி வரும்போது கடலிலிருந்தே அவரவர் வீடு தெரியும். நிறமில்லாத வீடு என்றால் அதில் ஆண் இல்லை என்று அர்த்தம். முதல் பாதி ஊரில் எல்லோரும் சொல்வது. கடைசி வரி என் சொந்தச் சரக்கு. கேட்கிறவர்கள் உச்சுக் கொட்டுவார்கள் என்று சேர்த்தது.

அங்கிருந்து நேராக என் வீட்டு வாசல். "இதோ, பெயின்ட்டே படாத கடைசி வீடு!" என்றேன். எட்டு பேரும் போட்டோ எடுத்தார்கள். ஜன்னலுக்குள் எதெல்மிராவின் நிழல் தெரிந்தது. ஜெயித்துவிட்டேன் என்று நினைத்தேன்.

வில்லமைன் அம்மாள் வீட்டை மேலும் கீழும் பார்த்தார். "நீங்க சொன்ன கணக்குப்படி பாத்தா, இந்த வீட்டுல ஆம்பளையே இல்லையா?"

நான் வாய் திறப்பதற்குள் ஜன்னல் திறந்தது.

"என்ன ஐயா கேக்குறாங்க?" என்றாள் எதெல்மிரா.

ஐயா! வேறு வழியில்லாமல் எங்கள் மொழியில் சொன்னேன்.

அவள் சமையல் மேலங்கியின் நுனியால் கண்ணைத் துடைத்தாள். திருநாள் பலகாரமான எம்பனாதாவுக்கு வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தாள் போல. கண்ணீர் நிஜமாகவே வழிந்தது. "ஆமாங்கய்யா. எங்க வீட்டுக்காரரு போய்ச் சேந்துட்டாரு. ஆறு வருஷம் ஆச்சு."

மொழிபெயர்த்தேன். எட்டு பேரும் தொப்பியைக் கழற்றினார்கள். நானும் கழற்ற வேண்டியதாயிற்று.

"எதுல போனாராம்?" என்றார் வில்லமைன் அம்மாள்.

"மூட்டுவலி, ஐயா."

"மூட்டுவலியில யாராவது சாவாங்களா?" என்று பல்லைக் கடித்தபடி எங்கள் மொழியிலேயே கேட்டேன்.

"இவரு செத்தாரே! ஞாயித்துக்கிழமைன்னு சொன்னாப் போதும், பாதி உயிர் போயிடும். ஒருநாள் மீதியும் போயிடுச்சு."

"நல்ல மனுஷரான்னு கேளுங்க," என்றார் வில்லமைன் அம்மாள்.

"சோம்பேறி. படு சோம்பேறி."

"மிகவும் அமைதியானவர்," என்று மொழிபெயர்த்தேன்.

வில்லமைன் அம்மாள் கைப்பையிலிருந்து ஒரு குட்டி அகராதியை எடுத்துப் புரட்டினார். கணக்கு டீச்சர் அல்லவா, விடையைச் சரிபார்க்காமல் விட மாட்டார். "பவுதிலியோ, இதுல சோம்பேறின்னு போட்டிருக்கே?"

"அமைதியான சோம்பேறி," என்றேன்.

அவர் மற்ற ஏழு பேரோடும் தங்கள் பாஷையில் குசுகுசுவென்று பேசினார். பிறகு என் பக்கம் திரும்பினார். "உங்க மூட்டு இரும்பு மாதிரி இருக்கு, நாங்கதான் பாக்குறோமே. ஞாயித்துக்கிழமை நடையும் கிடையாது. இந்தம்மா வீட்டுக்கு நீங்களே பெயின்ட் அடிச்சுக் குடுக்கலாமே? நாங்க ஏணியைப் பிடிச்சுக்கறோம்."

எட்டு பேரும் கை தட்டினார்கள். உண்மையைச் சொல்லலாம். சொன்னால் இதுவரை சொன்ன கதை அத்தனையும் பொய் என்று ஆகிவிடும். அதற்கப்புறம் எந்த வெளிநாட்டுக்காரன் என் பின்னால் படி ஏறுவான்? தலையாட்டினேன்.

"ஆகட்டும் மேஸ்திரி," என்றாள் எதெல்மிரா. "பெயின்ட்டு நான் போன வாரமே வாங்கிட்டேன்."

ஞாயிற்றுக்கிழமை டப்பாவைத் திறந்தேன். ஒன்று நீலம். இன்னொன்று மஞ்சள்.

"வீஞா கலரா?" என்று கிசுகிசுத்தேன். "என் வீட்டுக்கா?"

"எங்க வீட்டுக்காரரு பச்சைதான் வேணும்பாரு, ஐயா. அவருதான் இல்லையே."

ஏணியில் ஏறினேன். கீழே எட்டு பேர் ஏணியைப் பிடித்துக்கொண்டார்கள். தப்பிக்க இடுக்கு இல்லை. மத்தியானம் எதெல்மிரா வெளியே வந்தாள். தலையில் என் பழுப்புத் தொப்பி. கழுத்தில் பச்சைத் துண்டு.

"எங்க போறீங்க, அம்மா?" என்றேன்.

"அவரு தொப்பில ஒரு மேட்ச் டிக்கெட்டு இருந்துச்சு. பாவம், அவரு ஆத்மா சாந்தியடையட்டும்னு போய்ப் பாத்துட்டு வர்றேன்."

போய்விட்டாள். நான் நீலம் பூசினேன். மைதானக் குன்றிலிருந்து காற்றில் சத்தம் வந்துகொண்டே இருந்தது. மூன்று தடவை ஊரே கத்தியது. எவன் கோல் போட்டான் என்று தெரியாமல் மஞ்சள் பூசுவது எப்பேர்ப்பட்ட கொடுமை என்பது பூசினவனுக்குத்தான் தெரியும். மூட்டு நிஜமாகவே வலிக்க ஆரம்பித்தது.

சாயங்காலம் அவள் திரும்பி வந்தபோது தொண்டை கட்டியிருந்தது. முகம் சிவந்து, இருபது வயசு குறைந்தமாதிரி இருந்தாள். கோபத்துக்கு நடுவிலும் அழகாகத்தான் இருந்தாள் என்பதை ஒத்துக்கொள்கிறேன்.

"யாரு ஜெயிச்சா?"

"மேஸ்திரிக்கு மேட்செல்லாம் பிடிக்குமா?" என்றாள். அவ்வளவுதான் பதில்.

வில்லமைன் அம்மாள் எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். கண்ணில் ஈரம். என் சட்டையைப் பிடித்து இழுத்தார். "பவுதிலியோ, நீங்க கல்யாண மோதிரமே போடலையே. இவங்களும் தனியா இருக்காங்க. ஏன் நீங்க ரெண்டு பேரும் கல்யாணம் பண்ணிக்கக் கூடாது? கேளுங்க, நாங்க இருக்கும்போதே கேளுங்க!"

மோதிரம் பெயின்ட் பட்டுவிடும் என்று காலையில் கழற்றிச் சட்டைப்பையில் போட்டிருந்தேன்.

"அந்தம்மா என்ன சொல்றாங்க, ஐயா?"

கையில் பிரஷ், காலில் வலி, மூக்கில் மஞ்சள். "நான் உங்களைக் கட்டிக்கணுமாம்," என்றேன்.

எதெல்மிரா என்னைத் தலையிலிருந்து மூட்டுவரை ஒருமுறை பார்த்தாள். அப்புறம் சுவரைப் பார்த்தாள்.

"ஒரு தடவை கட்டிக்கிட்டதே போதும்னு சொல்லிடுங்க, ஐயா. ஆனா சுவருக்கு ரெண்டாவது பூச்சு வேணும், அடுத்த ஞாயித்துக்கிழமையும் வந்துடுங்க."